மனுவில் நான் சேர்த்த ஒரு வரி

திங்கட்கிழமை வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல் வரும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மில்லில் ஷிப்ட் முடிந்து வருகிறவள். சடையில் இரண்டு இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது. யோசிப்பதற்கு முன்பே என் கை நீண்டு அதை எடுத்துவிட்டது. அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "பஞ்சும்மா" என்று விரலைக் காட்டினேன். "அது என்னைக்கும் இருக்கறதுதானக்கா" என்று சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று. ஊரான் வீட்டுப் பெண்ணின் தலையில் கை வைக்கிற பழக்கம் எனக்கு எப்போது வந்தது? உன்னால் வந்தது. நீ ஷிப்ட் முடிந்து சங்கத்துக்கு வரும்போதெல்லாம் உன் பின்னால் நின்று பஞ்சு எடுப்பதுதானே எனக்கு முதல் வேலை.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். நீ இருந்தால், "எழுத்தாளரம்மா, சுத்தி வளைக்காம சொல்லு" என்பாய். சுற்றி வளைத்துத்தான் சொல்வேன். எனக்கு அப்படித்தான் வரும், உனக்குத் தெரியாதா?

பாத்திரக் கடை மாடியில் நம் சங்கத்துக்கு இருந்த ஒற்றை அறையை நினைத்துக்கொள்கிறேன். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கூடுவோம். மில்லுக்குப் போகிறவர்கள், நிலக்கோட்டைப் பக்கம் பூப்பறிக்கிறவர்கள், சின்னாளபட்டியில் தறி வைத்திருக்கிறவர்கள் என்று இருபது முப்பது பெண்கள் வருவார்கள். ஒருத்திக்கும் சட்டம் படித்த வாசனை கிடையாது. நாம் செய்ததும் பெரிய காரியம் ஒன்றும் இல்லை. யாருக்காவது போலீஸ் ஸ்டேஷனுக்கோ கோர்ட்டுக்கோ தாலுகா ஆபீசுக்கோ போக வேண்டியிருந்தால், அவள் தனியாகப் போகாமல் நம்மில் இரண்டு பேர் கூடப் போவோம். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்கே எத்தனை கதவு திறந்தது என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முதல் தடவை நாம் இருவரும் ஒரு பெண்ணுக்குத் துணையாக ஸ்டேஷனுக்குப் போன அன்று நான் வாசலிலேயே தயங்கி நின்றேன். அங்கிருந்த ஏட்டு நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்கள்லாம் யாரும்மா?" என்று கேட்டார். நீ, "கூட வந்தவங்க சார்" என்றாய். "கூட வந்தவங்கன்னா? இந்தப் பொண்ணுக்கு என்ன உறவு?" என்றார். "பக்கத்துல உக்காந்திருக்கிற உறவு சார்" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாய். சாயந்தரம் வரை உட்கார்ந்திருந்து, புகார் வாங்கிய ரசீதோடுதான் எழுந்தோம். வெளியே வந்து நீ வாங்கித் தந்த வாழைக்காய் பஜ்ஜியை அந்தப் பெண் அழுதுகொண்டே தின்றாள். "அழு, ஆனா சட்னிய விடாத" என்றாய்.

சங்கத்துக்கு நீ இரண்டு வழக்கம் வைத்திருந்தாய். எழுதிய மனுவைச் சம்பந்தப்பட்டவளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். அவள் "ஆமா, இப்படித்தான்" என்று சொன்ன பிறகுதான் கையெழுத்து. இது முதலாவது. எதிராளி வீட்டுக்கும் ஒருமுறை போய், அவர்கள் கொடுத்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும் என்பது இரண்டாவது. முதலாவதில் எனக்குச் சண்டை இல்லை. இரண்டாவதில்தான் உன்னோடு மல்லுக்கு நின்றேன். "அடிச்சவன் வீட்டுல போய்த் தண்ணி குடிக்கணுமா? இது எந்த ஊரு நியாயம்?" என்று கேட்பேன். "அந்த வீட்டுலயும் நாலு பேரு இருப்பாக. நாலு பேருமா அடிச்சான்? யாரு எவருன்னு தெரியாம எப்புடி எழுதுவ?" என்பாய். உன்னோடு பேசி ஜெயிக்க முடியாது.

மனு எழுதுவது என் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் வாங்கிய பரிசு அத்தனை வயதுக்குப் பிறகும் என் தலையை விட்டு இறங்கவில்லை. என் மனுக்களை நானே மெச்சிக்கொள்வேன். "கண்ணீர் மல்க", "நிர்க்கதியாய்" என்றெல்லாம் போட்டு எழுதுவேன். நீ வாசித்துப் பார்த்து, "இதுல கேஸ் எங்கடி இருக்கு? ஒரே கண்ணீரா இருக்கே" என்று சிரிப்பாய்.

அப்போதுதான் செல்வி வந்தாள்.

நிலக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் அடித்துத் தெருவில் தள்ளிவிட்டு, மூன்று வயதுப் பெண் குழந்தையைப் பிடித்து வைத்துக்கொண்டான். வீட்டில் அவனுடைய அக்கா இருந்தார், பேச்சியம்மாள் என்று. புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். குழந்தை அவர் கையில்தான் இருந்தது. செல்வி நம் அறையில் வந்து உட்கார்ந்து சொன்னது ஒன்றே ஒன்று: "எனக்கு நகை வேணாம், வீடு வேணாம், அவனும் வேணாம். எம்புள்ள வேணும்." அவள் மார்புச் சேலை நனைந்திருந்தது. மூன்று வயது வரை பால் கொடுத்திருக்கிறாள். பிள்ளையைப் பிரிந்து நான்கு நாள் ஆகியும் பால் நிற்கவில்லை. நீ எழுந்து போய் உன் மாற்றுச் சேலையைக் கொண்டுவந்து அவளுக்குக் கொடுத்தாய்.

இலவசச் சட்ட உதவியில் ஒரு வக்கீலம்மா கிடைத்தார். மறுநாள் மதியத்துக்குள் செல்வியின் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டு வரச் சொன்னார். அன்று உனக்குப் பகல் ஷிப்ட்; எதிராளி வீட்டுக்குப் போய்வர நேரமும் இல்லை. நானும் செல்வியும்தான் எழுதினோம். குழந்தைக்கு ஏதாவது ஆபத்து இருக்கிறதா என்று கேட்டேன். யோசித்தாள். "இடது கையில ஒரு தழும்பு இருக்குக்கா" என்றாள். போதாதா எனக்கு? பேனா தானாக ஓடியது. "மேற்படி நாத்தனார் என் குழந்தைக்குக் கையில் சூடு வைத்துக் கொடுமை செய்தார்" என்று எழுதிவிட்டேன்.

நம் வழக்கப்படி வாசித்துக் காட்டினேன். அந்த வரி வந்தபோது செல்வி, "அப்புடி இல்லக்கா" என்றாள்.

நான் அவளை முடிக்க விடவில்லை. "கோர்ட்டுக்கு இப்படித்தான் எழுதணும். மனு கனமா இருந்தாத்தான் புள்ள கைக்கு வரும். நீ சும்மா இரு" என்றேன். அவள் சும்மா இருந்தாள். கையெழுத்துப் போட்டாள்.

இதுதான் நான் உன்னிடம் சொல்லாதது. அந்த வரி செல்வியுடையது அல்ல, என்னுடையது. இல்லை என்று அவள் சொன்ன பிறகும் நான் விட்டு வைத்த வரி.

விசாரணை நாள் உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், நீயும்தானே பக்கத்தில் நின்றாய். நீதிபதி மனுவைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நிறுத்தி, "கையில சூடு வச்சதைப் பாத்தியாம்மா?" என்று கேட்டார். செல்வி கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "யாரும் வைக்கலைங்கய்யா. வடிச்ச கஞ்சி கவுந்துருச்சு. நான்தான் அடுப்புல நின்னேன். மதினிதான் ஓடியாந்து தூக்குனாக." எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்தபடியே சிரித்தார். ஒரு வரி பொய் என்றால் மற்ற வரிகளை எப்படி நம்புவது என்றார். புருஷன் அடித்ததும் உண்மை, தெருவில் தள்ளியதும் உண்மை, எல்லாம் அந்த ஒரு வரியோடு சேர்ந்து நாறிப்போயிற்று. மூன்று வாரம் தள்ளிப் போட்டார்கள். அதுவரை குழந்தை அங்கேயே இருக்கட்டும் என்றார்கள்.

குழந்தையை அன்று கூட்டிப்போய்விடலாம் என்ற நினைப்பில் செல்வி ஒரு சின்னக் கவுனை மடித்துப் பையில் கொண்டுவந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் நீ கேட்டாய். கோபமாகக்கூட இல்லை. "சூடு வச்சதா யாரு சொன்னது?" செல்வி என்னை ஒரு தடவை பார்த்தாள். நானா? பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். செல்வி தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான்க்கா. கோவத்துல சொல்லியிருப்பேன்" என்றாள். நீ அவளையே பார்த்துவிட்டு, "சரி தாயி" என்றாய். வேறொன்றும் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் நியாயம் வாங்கித் தரப் புறப்பட்ட எனக்கு, பக்கத்தில் இருந்தவளுக்கு ஒரு வார்த்தை நியாயம் சொல்ல வாய் வரவில்லை பார்.

மறுநாள் வெள்ளென நீ பேச்சியம்மாள் மல்லிகை பறிக்கிற தோட்டத்துக்குப் போகக் கிளம்பினாய். வக்கீலம்மா போனில் கத்தினார், அங்கே போனால் கேஸ் கெட்டுப்போகும் என்று. "கேஸ் ஏற்கெனவே கெட்டுத்தான் கெடக்கு மேடம்" என்றாய். நானும் வரட்டுமா என்று கேட்டேன், ஒப்புக்கு. "நீ வேணாம்" என்றாய். அப்போது எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. இப்போது நினைத்தால் கூசுகிறது.

திரும்பி வந்து நீ சொன்ன கதையை அன்று எப்படிச் சிரித்துக் கேட்டேன்! நீ வரப்பில் நின்று, "நாங்க உங்களப் பத்தி ஒரு பொய்ய எழுதிட்டோம்க்கா. மன்னிப்புக் கேக்க வந்தேன்" என்றாயாம். அவர் நிமிராமலே, "வெயில் ஏறுச்சுன்னா மொக்கு மலந்துரும். பேசணும்னா பறிச்சுக்கிட்டே பேசு" என்றாராம். நீயும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாய். மில்லில் அறுந்த நூலைக் கண் இமைப்பதற்குள் ஒட்டுகிற விரல் உனக்கு. மல்லிகை மொக்கு அதற்குப் பிடிபடவில்லை. காம்பை விட்டுவிட்டுப் பறித்தாயாம். "ஏத்தா, நீ பொய் எழுதுனதக்கூடப் பொறுத்துக்கிருவேன், எம்பூவக் கெடுக்காத" என்று அவர் வைதாராம்.

"புள்ளையத் தாங்கன்னு கேட்டியா?" என்றேன்.

"கேக்கல."

"ஏண்டி? அதுக்குத்தான போன?"

"மன்னிப்புக் கேக்கப் போன எடத்துல இன்னொன்னையும் கேட்டா அது யாவாரம்" என்றாய்.

அந்த வரியைத் திரும்பப் பெறுவதாக ஒரு மனுவும் கொடுக்க வைத்தாய். மூன்று வாரம் கழித்துக் கோர்ட்டுக்குப் போனால், பேச்சியம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். தம்பி முறைத்துக்கொண்டு ஓரமாக நின்றான். நீதிபதி அவரிடம் குழந்தையைப் பற்றிக் கேட்டார். "பகல்ல எங்கிட்ட நல்லா வெளையாடுதுங்கய்யா. தூங்கப் போறப்ப ஆத்தாளத் தேடி அழுகுது. நானும் நெதமும் 'நாளைக்கு வந்துருவா, நாளைக்கு வந்துருவா'ன்னு சொல்றேன். இனிமே அந்தப் பொய்யச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லைங்கய்யா" என்றார். இப்போதைக்குக் குழந்தை தாயிடம் இருக்கட்டும் என்று உத்தரவானது. உத்தரவு எழுதி முடிக்கும்வரைகூடப் பொறுக்காமல் அந்தக் குழந்தை செல்வியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. பேச்சியம்மாள் காலியான இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வெளியே போனார். நீ அவர் பின்னாலேயே போனாய். வெள்ளிக்கிழமைதோறும் நம் சங்க அறையில் அவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று செல்வியைச் சொல்ல வைத்ததும் நீதான். அந்தக் குழந்தை இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறது. வெள்ளிக்கிழமை "அத்தை" வருவதற்கு முன்பே படியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்பதே எனக்கு வசதியாகப் போயிற்று. முடிந்ததைக் கிளறுவானேன் என்று இருந்துவிட்டேன். நீ மூச்சிரைப்போடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு தடவை வாயெடுத்தேன். ஒரு தடவை நர்ஸ் வந்துவிட்டார். இன்னொரு தடவை யாரும் வரவில்லை, எனக்குத்தான் தைரியம் வரவில்லை. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னமோ சொல்ல வந்தியே?" என்றாய். "இட்லி கொண்டாரவா, இடியாப்பம் கொண்டாரவான்னு கேக்க வந்தேன்" என்றேன். "இடியாப்பம்" என்றாய். கொண்டுவந்தேன். நீ சாப்பிடவில்லை.

இப்போது சங்கத்தில் கூடப் போகிற வேலை செல்வியுடையது. ஸ்டேஷனில் அவள் உட்காருகிற தோரணையைப் பார்த்தால் நீயே உட்கார்ந்திருப்பது போல் இருக்கும். போன மாதம் ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், அண்ணன் தம்பிகள் அவளை வீட்டை விட்டு விரட்டிய விஷயம். நான் எழுதினேன், வாசித்துக் காட்டினேன். ஒரு இடத்தில் அவள், "ஏனுங்கக்கா, அப்படி இல்லீங்க. மூத்தவரு ஒண்ணுஞ் சொல்லலீங்க, சும்மாதான் நின்னாருங்க" என்றாள். என் வாயில் அதே பதில் வந்து நின்றது, கோர்ட்டுக்கு இப்படித்தான் எழுதணும் என்று. இத்தனை வருஷத்துக்குப் பிறகும்! தலையைத் தூக்கினால் எதிரே செல்வி. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரியை அடித்தேன். அந்தப் பெண் போனதும் செல்வியிடம், "அன்னிக்கு உம்மேல பழியப் போட்டுட்டு நான் உக்காந்திருந்தேன். என்னை மன்னிச்சிரு தாயி" என்றேன். அழுதுவிட்டேன்.

செல்வி அழவில்லை. "நீங்க சொல்றதுக்கு இம்புட்டு நாளா ஆகணும்?" என்றாள். பிறகு, "நீங்க எழுதுனதுன்னு நான் சொல்லி, நீங்க கோவிச்சுக்கிட்டு விட்டுட்டா அன்னிக்கு எனக்கு வேற யாருக்கா இருந்தா?" என்று கேட்டாள். ஏட்டுக்கும் புருஷனுக்கும் பயந்து வந்தவளை நான் எனக்குப் பயப்பட வைத்திருந்தேன். உதவி செய்கிறோம் என்ற மமதையில் அது என் கண்ணுக்குத் தெரியவில்லை. இனிமேல் யாருக்கு எழுதினாலும் இதைத்தான் நெஞ்சில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். "எங்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. மதினிகிட்டப் போயிச் சொல்லுங்க. பேரு கெட்டது அவுகளுக்குத்தான்" என்றாள்.

போன வாரம் போனேன். தோட்டத்தில்தான் இருந்தார். நீ நின்ற வரப்பாகத்தான் இருக்கும். "அக்கா, அந்தச் சூடு வச்ச கதைய எழுதுனது நான்தான்" என்றேன். பறித்த மொக்கை மடியில் போட்டுவிட்டு, "தெரியும். வா, காப்பி குடிக்கலாம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் சொன்னது என்று கேட்டேன்.

"உங்கூட்டாளிதான். முதநாளு வந்தப்பவே சொல்லிட்டாளே. 'செல்வி அப்புடிப் பேசறவ இல்லக்கா. எழுதுனவ எங்காளுதான், நல்லவ, அவசரக்காரி. ஒருநா அவளா வருவா. வந்தா வையாதீக, ஒரு வாய் காப்பி குடுங்க'ன்னா."

தெரிந்துகொண்டேதான் அத்தனை வருஷமும் என் முன்னால் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாயா? பஞ்சு எடுடி என்று? ஒரு தடவை கேட்டிருக்கலாமே. வைதிருக்கலாமே. உன் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது எனக்கு. காபித் தம்ளரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பேச்சியம்மாள் மடியிலிருந்த மொக்கைக் கூடையில் கொட்டினார். பிறகு இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, அதிலிருந்த பட்டன் போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இன்னொண்ணும் சொன்னா. 'அவ வந்து சொல்லிட்டான்னா எனக்கு ஒரு போன் மட்டும் போடுங்கக்கா, அம்புட்டுப் போதும்'னு. நம்பர் இதுலதான் கெடக்கு. இப்ப நான் யாருக்குப் போட?"

அவர் போட முடியாத போனுக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். போனேன்டி. சொல்லிட்டேன்.